வயசு வந்தவங்க சின்னம்மை ஊசி போட்டுக்கணுமா? முடிவு பண்றது எப்படின்னு பாப்போம்

தை முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்சாலே எங்கயாவது ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை தொங்கும், ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு வாரம் லீவு போடுவார், ஹாஸ்டல்ல ஒரு ரூமே காலியாகும், அப்பதான் 25, 30, 40 வயசுல இருக்கறவங்களுக்கு திடீர்னு ஒரு கேள்வி வரும், எனக்கு சின்ன வயசுல வந்துச்சா இல்லையான்னே தெரியலையே, இப்ப போய் ஊசி போட்டுக்கலாமா, இது குழந்தைங்களுக்குப் போடுற ஊசி இல்லையா, இந்த வயசுல தேவையா. இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டு குழம்புறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சின்னம்மை வந்ததில்ல, ஊசியும் போட்டதில்ல, உயிருள்ள தடுப்பூசி போடக்கூடாதுங்கற மாதிரி உடம்புல வேற பிரச்னையும் இல்லன்னா போட்டுக்கறதுதான் நல்லது, அதுவும் அவசரம் வர்றதுக்கு முன்னாடி. ஆனா அந்த மூணு "இல்ல"யும் உங்க விஷயத்துல உண்மைதானான்னு பாக்கணும், வேலையே அங்கதான் இருக்கு.

இவ்ளோ வயசாச்சு இனிமே என்ன வரப்போகுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. குளிர் நாட்டுக்காரங்களுக்கு அது ஓரளவு பொருந்தும், அங்கெல்லாம் தடுப்பூசி வர்றதுக்கு முன்னாடி பத்து வயசுக்குள்ள பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வந்து போயிடும். நம்ம மாதிரி வெப்ப நாடுகள்ல அப்படி இல்லைங்க, இங்க சின்னம்மை வராமலே காலேஜ் வரைக்கும், கல்யாணம் வரைக்கும், அதுக்கு மேலயும் போறவங்க நிறைய. அதனாலதான் நர்சிங் காலேஜ் ஹாஸ்டல், வேலைக்குப் போறவங்க தங்குற பிஜி, போலீஸ் ட்ரெயினிங் கேம்ப் மாதிரி வயசு வந்தவங்க கூட்டமா இருக்கற இடத்துல ஒருத்தருக்கு வந்தா வரிசையா விழறாங்க. தமிழ்நாடு, கேரளா, இலங்கைலேர்ந்து வெளிநாடு போய் அங்க முதல் தடவையா சின்னம்மை வந்து தனியா ரூம்ல கிடக்கறவங்களும் உண்டு.

குழந்தைக்கு வந்தா ஒரு வாரம் சொறிஞ்சுட்டு எழுந்து ஓடும். பெரியவங்களுக்கு அப்படிப் போறது இல்ல, காய்ச்சல் ஜாஸ்தி, கொப்புளம் ஜாஸ்தி, உடம்பு வலி அடிச்சுப் போட்ட மாதிரி, தழும்பும் ஆழமா விழும். முக்கியமா பயப்பட வேண்டியது நுரையீரல்ல போய் உக்காந்து நிமோனியா ஆகறது, சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த ஆபத்து இன்னும் கூட. பெரும்பாலானவங்க முழுசா குணமாகி வந்துடறாங்க, அதை மறைக்க வேண்டியதில்ல, ஆனா சின்னம்மையால ஆஸ்பத்திரில சேர்றது, உயிர் போறது ரெண்டுமே சின்னப் பிள்ளைங்களை விட பெரியவங்களுக்குப் பல மடங்கு அதிகம்ங்கறது தெரிஞ்சுதான் முடிவு எடுக்கணும்.

சரி, முதல் வேலை. உங்களுக்கு ஏற்கனவே வந்திருக்கான்னு கண்டுபிடிக்கணும். அம்மாகிட்ட, இல்லைன்னா அத்தை, பெரியம்மா, பாட்டி யாரு உங்களை வளத்தாங்களோ அவங்ககிட்ட கேளுங்க, ஆனா "எனக்கு அம்மை போட்டுச்சாம்மா"ன்னு மொட்டையா கேக்காதீங்க, ஆமான்னு ஒரு பதில் வரும், அது தட்டம்மையா இருக்கலாம், மணல்வாரியா இருக்கலாம், பொன்னுக்கு வீங்கியா கூட இருக்கலாம். இப்படிக் கேளுங்க: நீர் கோத்த கொப்புளமா இருந்துச்சா, ஒரே நாள்ல வராம ரெண்டு மூணு நாள் புதுசு புதுசா வந்துட்டே இருந்துச்சா, முகம் நெஞ்சு முதுகுல அதிகமா இருந்துச்சா, தலைமுடிக்குள்ள இருந்துச்சா, அரிச்சுச்சா, அப்புறம் பொருக்கு தட்டி உதிர்ந்துச்சா, அதே சமயத்துல அண்ணனுக்கோ தங்கச்சிக்கோ வந்துச்சா, தலைக்குத் தண்ணி ஊத்துனது எப்போ. இந்த மாதிரி விவரமா ஞாபகம் வெச்சு சொன்னாங்கன்னா, குறிப்பா வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு சேந்து வந்த கதையா இருந்தா, நம்பலாம். நெத்தியிலயோ மூக்குப் பக்கத்துலயோ குழி விழுந்த தழும்பு ஒண்ணு ரெண்டு இருந்தா அது கூடுதல் சாட்சி. அப்படி உறுதியா வந்திருந்தா உங்களுக்கு இந்த ஊசி வேண்டாம், மறுபடி வர்றது ரொம்ப அபூர்வம்.

அக்கி வந்து டாக்டர் பாத்து அக்கிதான்னு சொல்லியிருந்தாலும் அதே கணக்குதான். சின்னம்மை வைரஸ் உள்ளுக்குள்ள நரம்புல தூங்கிக்கிட்டு இருந்து வருஷக்கணக்கு கழிச்சு எழுந்திரிச்சு வர்றதுதான் அக்கி, அதனால அக்கி வந்தவருக்கு ஏதோ ஒரு காலத்துல சின்னம்மை வந்திருக்கணும்.

கொப்புளம்னு சொன்னதும் ஏமாறக்கூடிய இடங்கள் சிலது இருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு கை, கால், வாயில வர்ற கொப்புளக் காய்ச்சலை நிறைய வீட்டுல சின்னம்மைன்னே கணக்குல வெச்சிருக்காங்க. வேனல் கட்டி, சிரங்கு எல்லாமும் அந்தப் பட்டியல்ல சேந்துடும். இன்னொரு பெரிய குழப்பம் கையில இருக்கற தழும்பு. "எனக்குத்தான் அம்மை ஊசி போட்டிருக்காங்களே, இதோ தழும்பு"ன்னு இடது தோளைக் காட்டுவாங்க, அது காசநோய்க்குப் போட்ட பிசிஜி ஊசியோட தழும்பு. இன்னும் வயசானவங்களுக்கு இருக்கறது பெரியம்மைக்கு குத்துனது, அந்த நோயே 1980லயே உலகத்துல ஒழிஞ்சதா அறிவிச்சாச்சு, அதுக்குக் குத்துனது சின்னம்மையைத் தடுக்காது, ரெண்டும் வேற வேற வைரஸ். அதே மாதிரி ஸ்கூல்ல போட்ட எம்ஆர் ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். சின்னம்மை ஊசி இந்தியாவோட அரசு இலவசத் தடுப்பூசித் திட்டத்துல கிடையாது, தனியார்ல காசு கொடுத்து யாராவது போட்டிருந்தாத்தான் உண்டு. பழைய கார்டு இருந்தா எடுத்து வேரிசெல்லான்னு, அதாவது சின்னம்மையோட மருத்துவப் பேரு, எழுதியிருக்கான்னு பாருங்க. ஒரே ஒரு டோஸ்தான் போட்டிருக்குன்னா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம், மிச்சம் இருக்கற ஒண்ணைப் போட்டா போதும்.

யாருக்குமே ஞாபகம் இல்ல, கேக்கறதுக்கு ஆளும் இல்லன்னா? இங்கதான் ரத்தப் பரிசோதனை உதவும். லேப்ல வேரிசெல்லா ஐஜிஜி டெஸ்ட்னு கேக்கணும், ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கான்னு காட்டறது அதுதான், ஐஜிஎம் இல்ல, ஐஜிஎம் இப்ப சமீபத்துல தொத்தியிருக்கான்னு பாக்கறது, நமக்கு அது வேண்டாம். எனக்கு வந்ததே இல்லன்னு சத்தியம் பண்றவங்கள்லயும் கணிசமான பேருக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும், ஏன்னா சின்ன வயசுல நாலஞ்சு கொப்புளத்தோட லேசா வந்து கண்டுக்காமப் போயிருக்கும். ஐஜிஜி பாசிட்டிவ்னா விஷயம் முடிஞ்சுது, ரெண்டு ஊசிக் காசும் மிச்சம். நெகட்டிவ்னா ஊசி. நடுவுல சந்தேகமா வந்துச்சுன்னா எதிர்ப்பு சக்தி இல்லன்னே வெச்சுக்கிட்டுப் போட்டுக்கறது நல்லது.

டெஸ்ட் கட்டாயமான்னா இல்லைங்க. ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கறவருக்கு இந்த ஊசி போட்டா ஒண்ணும் ஆகாது, காசுதான் செலவு. அதனால உங்க ஊர்ல டெஸ்ட் பண்ற வசதி இல்ல, சாம்பிளை வெளியூருக்கு அனுப்பணும், ரிசல்ட் வர லேட்டாகும்னா நேரா ஊசிக்கே போகலாம். நான் சொல்றது, டெஸ்ட் விலை ஒரு டோஸ் விலையை விட நல்லா கம்மியா இருந்து, உங்களுக்கு வந்திருக்கலாமோன்னு பாதி சந்தேகமும் இருந்தா டெஸ்ட் பண்ணுங்க, வந்ததே இல்லன்னு வீட்டுல எல்லாரும் உறுதியா சொன்னா டெஸ்டுக்கு செலவு பண்ண வேண்டாம்.

அடுத்தது யாருக்குப் போடக்கூடாது. இதை அவசரமா படிச்சுட்டுப் போகாதீங்க. இந்த ஊசில இருக்கறது செத்த வைரஸ் இல்ல, பலவீனமாக்கின உயிருள்ள வைரஸ், அதனால எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு அதுவே நோயைக் கொண்டு வரலாம். கர்ப்பமா இருக்கறவங்களுக்குக் கூடாது. ரத்தப் புற்றுநோய் இருக்கறவங்க, கீமோ எடுக்கறவங்க, கிட்னி லிவர் மாத்தி அதுக்கு மாத்திரை சாப்பிடறவங்க, எச்ஐவியோட, சிடி4ங்கற எதிர்ப்பு செல் அளவு 200க்குக் கீழ இருக்கறவங்க, சிகிச்சை எடுக்காத டிபி இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை, அதாவது பிரெட்னிசோலோன் மாதிரி, தினம் 20 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ ரெண்டு வாரத்துக்குக் குறையாம சாப்பிட்டிருந்தா நிறுத்தி ஒரு மாசமாவது ஆகணும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுக்கறவங்க பயப்பட வேண்டாம், அது இந்தக் கணக்குல வராது. மூட்டு வலிக்கு, தோல் நோய்க்குன்னு என்ன மருந்துன்னே தெரியாம பொட்டலத்துல மாத்திரை வாங்கிச் சாப்பிடறவங்க இருக்கீங்க, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு இருக்கு, அந்தப் பொட்டலத்தைக் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் ஊசி. முடக்குவாதம், சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட்டோ பயாலஜிக் ஊசியோ எடுக்கறவங்க அந்த வைத்தியம் பாக்கற டாக்டரையே கேக்கணும், பொதுவா ஒரு பதில் சொல்ல முடியாது. நியோமைசின் மருந்தோ ஜெலட்டினோ எடுத்து கடுமையான அலர்ஜி வந்தவங்க, முதல் டோஸுக்கே அப்படி ஆனவங்க, தவிர்க்கணும். சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா, இம்யூனோகுளோபுலின், அதாவது மத்தவங்க ரத்தத்துலேர்ந்து பிரிச்ச எதிர்ப்புப் பொருள், எடுத்திருந்தா சில மாசம் தள்ளிப் போடுவாங்க, மறக்காம சொல்லுங்க. இப்ப நல்ல காய்ச்சல் அடிக்குதுன்னா சரியானதும் போங்க, லேசா சளி இருமல்னா பரவாயில்ல.

சுகர் இருக்கு, பிபி இருக்கு, தைராய்டு மாத்திரை சாப்பிடறேன், போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. போடலாம். சொல்லப்போனா சுகர் இருக்கறவங்களுக்கு சின்னம்மை வந்தா புண் ஆறறது கஷ்டம், அவங்க இன்னும் சீக்கிரமாவே யோசிக்கணும்.

இப்ப நான் ரொம்ப அக்கறையோட சொல்ல நினைக்கற விஷயத்துக்கு வரேன், குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கற பொண்ணுங்க. உங்களுக்கு சின்னம்மை வந்ததில்லன்னா இந்த முடிவைத் தள்ளிப் போடாதீங்க. கர்ப்பத்தோட முதல் 20 வாரத்துக்குள்ள அம்மாவுக்கு சின்னம்மை வந்தா நூத்துல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு கை கால் வளர்ச்சிக் குறை, கண் பாதிப்பு, மூளை பாதிப்பு, தோல்ல ஆழமான தழும்புன்னு பிறவிக் குறை வரலாம். பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடிலேர்ந்து ரெண்டு நாள் பின்னாடி வரைக்கும் உள்ள நேரத்துல அம்மாவுக்குக் கொப்புளம் வந்தா அது இன்னும் மோசம், அம்மாவோட எதிர்ப்பு சக்தி குழந்தைக்குப் போய்ச் சேர்றதுக்கு நேரமே இருக்காது, வைரஸ் மட்டும் போயிருக்கும், பிறந்த குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகும். இதெல்லாம் கர்ப்பமானதுக்கு அப்புறம் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல, ஏன்னா அப்ப ஊசி போட முடியாது. கல்யாணம் நிச்சயம் ஆனதுமே ஆயிரம் வேலைக்கு நடுவுல இதையும் ஒரு வேலையா எழுதி வெச்சுக்கோங்க. ரெண்டு டோஸுக்கும் நடுவுல நாலு வாரமாவது ஆகும், கடைசி டோஸுக்கு அப்புறம் குறைஞ்சது ஒரு மாசம் கர்ப்பம் தரிக்காமப் பாத்துக்கணும், சில டாக்டர்கள் மூணு மாசம்னு சொல்வாங்க, கம்பெனி காகிதத்துலயும் அப்படி இருக்கலாம், உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க. எப்படியும் மூணுலேர்ந்து அஞ்சு மாசம் கையில வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சா நிம்மதி. கூடவே ரூபெல்லாவுக்கும் எதிர்ப்பு இருக்கான்னு பாத்துடுங்க, அதுவும் கர்ப்பத்துல வரக்கூடாத நோய், அதுக்குப் போடற எம்எம்ஆர் ஊசியும் உயிருள்ளது, ரெண்டையும் ஒரே நாள்ல கைக்கு ஒண்ணா போடலாம், இல்லன்னா நாலு வாரம் இடைவெளி விடணும்.

தெரியாம ஊசி போட்டுட்டு அப்புறம் கர்ப்பம்னு தெரிஞ்சா பதறாதீங்க, ஊசியால குழந்தைக்குப் பிறவிக் குறை வந்ததா இதுவரைக்கும் பதிவாகல, அதுக்காக கலைக்கச் சொல்ற அளவுக்கு அது காரணம் இல்ல, டாக்டர்கிட்ட சொல்லி கவனிச்சுட்டு வந்தா போதும். ஏற்கனவே கர்ப்பமா இருக்கீங்க, சின்னம்மை வந்ததில்லன்னா, வீட்டுல இருக்கற மத்தவங்க, புருஷன், மாமியார், கொழுந்தனார், மூத்த பிள்ளை, யார் யாருக்கு வரலையோ அவங்க போட்டுக்கலாம், வீட்டுல கர்ப்பிணி இருக்கறது அவங்களுக்குத் தடை இல்ல. நீங்க பிரசவம் ஆன கையோட முதல் டோஸ் போட்டுக்கலாம், தாய்ப்பால் கொடுக்கறதை நிறுத்த வேண்டாம்.

மத்தவங்கள்ல யாருக்கு அவசரம் அதிகம்னா, ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்க, படிக்கறவங்க, டீச்சர், பால்வாடி ஊழியர், ஹாஸ்டல்வாசி, வீட்டுல ஒரு வயசு கூட ஆகாத குழந்தை இருக்கறவங்க, புற்றுநோய்க்கு வைத்தியம் எடுக்கற அம்மாவையோ அப்பாவையோ பாத்துக்கறவங்க. கடைசியா சொன்னவங்க தங்களுக்காக மட்டும் போடறது இல்ல, போட முடியாத அந்த நோயாளிக்காகவும் போடறாங்க. அமெரிக்கா போறவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, கிரீன் கார்டு மெடிக்கல்ல சின்னம்மை ஊசி போட்டதுக்கோ நோய் வந்துபோனதுக்கோ ஆதாரம் கேப்பாங்க, நிறைய யுனிவர்சிட்டியும் அட்மிஷன்ல கேக்குது, இங்கயே போட்டு சர்டிஃபிகேட் வாங்கிட்டுப் போறது அங்க போய்த் தேடறதை விட செலவு கம்மி.

ஊசி விவரம். 13 வயசுக்கு மேல யாரா இருந்தாலும் ரெண்டு டோஸ், நாலுலேர்ந்து எட்டு வார இடைவெளி. நாலு வாரத்துக்கு முன்னாடி போடக்கூடாது, எட்டு வாரம் தாண்டிட்டா தப்பில்ல, போனதும் ரெண்டாவதைப் போட்டுக்கலாம். ஒண்ணு போட்டா போதாதான்னா, பெரியவங்க உடம்பு குழந்தைங்க உடம்பு மாதிரி வேகமா எதிர்ப்பு சக்தி உண்டாக்கறது இல்ல, முதல் டோஸுக்கு அப்புறம் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத்தான் வருது, ரெண்டாவதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துடுது. முதல் ஊசியோட நின்னுடறவங்களும் உண்டு, அதனால முதல் ஊசி போடற அன்னைக்கே ரெண்டாவது தேதியை போன்ல அலாரமா வெச்சுடுங்க.

வேரில்ரிக்ஸ், வேரிவேக்ஸ் மாதிரி பேர்கள்ல கிடைக்குது, இந்த ரெண்டுமே ஓகான்னு ஒரே வகை வைரஸ்லேர்ந்து வந்தது. ஜப்பான்ல மிச்சியாக்கி தக்காஹாஷின்னு ஒரு டாக்டர், அவரோட மூணு வயசுப் பையனுக்கு 1964ல சின்னம்மை ரொம்பக் கடுமையா வந்ததைப் பக்கத்துல இருந்து பாத்தவர், அதுக்கு அப்புறம் உக்காந்து 1974ல உருவாக்கின ஊசி இது, ஓகாங்கறது அவர் வைரஸ் எடுத்த இன்னொரு சின்னப் பையனோட குடும்பப் பேரு. இதை ஏன் சொல்றேன்னா, புதுசா வந்த ஊசி, சோதனை பண்றாங்கன்னு சில பேர் தயங்கறாங்க, இது அம்பது வருஷப் பழசு. அமெரிக்காவுல 1995லேர்ந்து போடறாங்க, அதுக்கு முன்னாடி அங்க வருஷத்துக்கு சுமார் 40 லட்சம் பேருக்கு சின்னம்மை வந்து 100லேர்ந்து 150 பேர் வரைக்கும் செத்துட்டு இருந்தாங்க, இப்ப அந்த நோயையே பாக்காத இளம் டாக்டர்கள் அங்க இருக்காங்க.

விலை ஒரு டோஸுக்கு ரெண்டாயிரம் ரூபாய் சுமாருக்கு வரும், கம்பெனியையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்து மேல கீழ இருக்கும், போறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேளுங்க. பெரியவங்களுக்கு எங்க போடுவாங்கன்னு தேடி அலைய வேண்டாம், குழந்தைங்க டாக்டர் கிளினிக்லதான் ஸ்டாக் இருக்கும், அங்கயே நமக்கும் போட்டு விடுவாங்க. மெடிக்கல்ல வாங்கி நீங்களே பையில வெச்சு பஸ்ல எடுத்துட்டுப் போறதை முடிஞ்ச வரைக்கும் தவிருங்க, குளிர்ச்சி விட்டுப் போனா இந்த வைரஸ் செத்துடும், அப்புறம் போட்டும் போடாத மாதிரிதான். பொடியா இருக்கற மருந்தைப் போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கலக்கணும், கலந்து வெச்சது ரொம்ப நேரம் இருக்கக்கூடாது, உங்க கண்ணு முன்னாடி கலக்கச் சொல்லிக் கேக்கறதுல தப்பே இல்ல. மேல் கையில தோலுக்கு அடியில போடுவாங்க, போட்டுட்டு ஒரு கால் மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு வாங்க.

அதுக்கு அப்புறம் என்ன ஆகும்? போட்ட இடத்துல வலி, சிவப்பு, லேசான வீக்கம், சில பேருக்கு காய்ச்சல், பாராசிட்டமால் போதும். ஒரு மாசத்துக்குள்ள சில பேருக்கு உடம்புல அஞ்சாறு கொப்புளம் வரலாம், அது ஊசி வைரஸால வர்றது, தானா போயிடும், ஆனா அது இருக்கற வரைக்கும் சின்னம்மை வராத கர்ப்பிணிங்க, பச்சைக் குழந்தைங்க, கீமோ எடுக்கறவங்க பக்கத்துல போகாதீங்க. கொப்புளம் எதுவும் வரலைன்னா உங்ககிட்டேர்ந்து பரவுமோன்னு கவலைப்பட வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஆஸ்பிரின் வேண்டாம்னு எழுதியிருப்பாங்க, அது முக்கியமா பிள்ளைங்களுக்கான எச்சரிக்கை, இதய நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்து தினம் ஆஸ்பிரின் சாப்பிடறவங்க நீங்களா நிறுத்திடாம அவர்கிட்ட கேளுங்க. அக்கிக்கு, உதட்டுக் கொப்புளத்துக்கு அசைக்ளோவிர்ங்கற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா அதையும் சொல்லுங்க, அது ஊசி வைரஸையே கொன்னுடும். குளிக்கலாம், மீன் கறி சாப்பிடலாம், பத்தியம் எதுவும் கிடையாது.

ஊசி போட்டவங்களுக்கும் வந்துச்சேன்னு ஒரு பேச்சு வரும். வரலாம், எந்த ஊசியும் நூத்துக்கு நூறு இல்ல. ஆனா ஊசி போடாதவருக்கு 250லேர்ந்து 500 கொப்புளம் வர்ற இடத்துல இவருக்கு பெரும்பாலும் 50க்கும் கம்மியாத்தான் வரும், காய்ச்சலும் லேசா இருக்கும், நிமோனியாவுக்குப் போற வாய்ப்பும் ரொம்பக் குறைவு.

இப்ப வீட்டுலயோ ஆபீஸ்லயோ ஏற்கனவே ஒருத்தருக்கு வந்துடுச்சு, இனிமே போட்டு என்ன பிரயோஜனம்னு நினைக்காதீங்க. அவங்களோட பழகினதுலேர்ந்து மூணு நாளுக்குள்ள போட்டா நல்ல பலன், அஞ்சு நாள் வரைக்கும் கூட போடலாம், நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசா வரும். அதுக்கு மேல ஆயிட்டாலும் இந்தத் தடவை தப்பிச்சா அடுத்த தடவைக்கு உதவும். கொப்புளம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அவங்க பரப்ப ஆரம்பிச்சிருப்பாங்க, உங்களுக்கு வர்றதா இருந்தா 10லேர்ந்து 21 நாளுக்குள்ள வரும், அந்தக் காலத்துல கல்யாணம், வளைகாப்பு, பச்சைப் பிள்ளை பாக்கப் போறது எல்லாத்தையும் தள்ளி வையுங்க. சின்னம்மை வராத கர்ப்பிணியோ, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவரோ நோயாளியோட பழகியிருந்தா அவங்களுக்கு ஊசி இல்ல, இம்யூனோகுளோபுலின்னு தனியா ஒண்ணு இருக்கு, 10 நாளுக்குள்ள கொடுக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க.

கொப்புளமே கிளம்பிடுச்சுன்னா அப்ப ஊசி உதவாது, அசைக்ளோவிர் மாத்திரைதான், அதையும் முதல் கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். அம்மை போட்டா மருந்து சாப்பிடக்கூடாதுன்னு ஒரு வாரம் வீட்டுலயே படுத்துட்டு மூச்சு வாங்கினதுக்கு அப்புறம் தூக்கிட்டு ஓடற நிலைமை பெரியவங்களுக்குத்தான் வருது. வேப்பிலை கட்டுங்க, இளநீர் குடிங்க, தனி ரூம்ல வெள்ளைத் துணி விரிச்சுப் படுங்க, வெளியாள் யாரையும் உள்ள விடாதீங்க, தண்ணி ஊத்தி முடிச்சு கோயிலுக்குப் போய்ட்டு வாங்க, அதுல எதுவும் மாத்திரைக்கு எதிரி இல்ல. நோயாளியைத் தனியா வெச்சு சுத்தமாப் பாத்துக்கற நம்ம பழக்கம் நல்ல பழக்கம்தான், கூட மாத்திரையும் சேரட்டும்.

வீட்டுப் பெரியவங்க ஊசிக்கே தயங்கலாம். அம்மா வர்றதைத் தடுக்கக்கூடாது, குத்தமாயிடும்னு மனசார நம்புறவங்ககிட்ட சண்டை போட்டுப் பயனில்ல. எங்க வீட்டுல ஒரு பெரியம்மா இப்படித்தான் தயங்கினாங்க, பெரியம்மைக்கு ஊரே வரிசைல நின்னு குத்திக்கிட்டதை அவங்களுக்கே ஞாபகப்படுத்தினப்ப, ஆமா அதுக்கு அப்புறம் அந்த நோய் வரவே இல்லையேன்னு அவங்களே சொன்னாங்க. குத்திக்கிட்டதால மாரியம்மன் திருவிழா எந்த ஊர்லயும் நின்னு போகல.

அக்கிக்குன்னு தனியா ஒரு ஊசி, ஷிங்ரிக்ஸ்னு, இப்ப இந்தியாவுல கிடைக்குது, 50 வயசு தாண்டினவங்களுக்கு. மெடிக்கல்ல ரெண்டையும் குழப்பிக்காதீங்க, அது சின்னம்மை வந்து போனவங்களுக்கு அக்கி வராம இருக்க, இது சின்னம்மையே வராதவங்களுக்கு.

ரெண்டு டோஸும் முடிஞ்சதும் ஊசி பேரு, பாட்டில்ல இருக்கற பேட்ச் நம்பர், தேதி, டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் போட்ட கார்டை வாங்கி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அதுக்கு அப்புறம் எதிர்ப்பு சக்தி வந்துச்சான்னு ஐஜிஜி டெஸ்ட் பண்ணாதீங்க, ஊசியால வர்ற எதிர்ப்பு சக்தியை சாதாரண லேப் டெஸ்ட் நிறைய நேரம் பிடிக்காது, நெகட்டிவ்னு வந்து வீணா பயந்துடுவீங்க, ஆபீஸ்லயோ காலேஜ்லயோ டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டா இந்தக் கார்டைக் காட்டுங்க, ரெண்டு டோஸ் தேதியோட இருக்கற கார்டே போதுமான ஆதாரம்.